தெர்மல் வாசலில் நீ சொன்னது

சம்பந்தி,

இன்றைக்குக் காலையில் சென்னாக்குன்னிக் கருவாடு வறுத்தேன். சட்டி சூடேறி வாடை எழுந்ததும் பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்தினாள். எனக்கு உன் ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணூரிலிருந்து பஸ் ஏறி டோல்கேட்டில் இறங்குவாய். ஈரம் சொட்டும் பையை எங்கள் வாசலில் வைத்துவிட்டு நீ கேட்பது ஒன்றுதான். "பசங்க சேதி சொல்லு மொதல்ல. அப்பால காபி போடுவியாம்." அதனால் பிள்ளைகள் சேதியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் பெரிய மகன் வீட்டில் மூத்தவன் சந்தோஷுக்கு ட்ரெய்லர் ஓட்டும் லைசென்ஸ் வந்துவிட்டது. ஹார்பர் பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை, சட்டையில் பேர் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அவன் தம்பி கார்த்திக் கேரம் போட்டியில் கப் ஜெயித்தான். டிவி எல்லாம் மெல்லிசாகிப் போனதால் அதன் மேல் வைக்க முடியவில்லை. பிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறேன், உள்ளே வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி. மாத்தூரில் இருக்கும் என் மகளின் பெண் ஷாலினி பத்தாவதில் கணக்கில் அவள் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க்கு. மேடையில் கூப்பிட்டுப் பேனா கொடுத்தார்கள். நான் போயிருந்தேன், முன் வரிசையில் உட்கார்ந்தேன்.

உனக்கு வேண்டிய சேதியைக் கடைசியில் வைத்திருக்கிறேன். என் சின்ன மகனும் உன் மகளும் பெற்ற ஒரே பெண் மோனிஷா இப்போது திருநெல்வேலிப் பக்கம் ஒரு காற்றாலைக் கம்பெனியில் அப்ரென்டிஸ். படிப்பு முடித்த கையோடு எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கம்பத்துக்கு உள்ளேயே ஏணி இருக்கிறதாம். இடுப்பில் பெல்ட் மாட்டி உச்சி வரைக்கும் ஏறுகிறாள். மேலே போனால் காற்றில் லேசாக ஆடுமாம். "படகுல நிக்கிற மாதிரி கீது ஆயா, பயமே இல்ல" என்று போனில் சொன்னாள். அது உன் வீட்டு ரத்தம். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மொட்டை மாடிக்குப் போனாலே தலை சுற்றும்.

இதை நான் உன் முன்னால் சொல்லியிருந்தால் நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரி சிரித்திருப்பாய். அந்தப் பெண் யார் வீட்டுப் பெண் என்பதுதானே நம் இருவருக்கும் இருந்த ஒரே வழக்கு. கல்யாணமான புதிதில் நான் உன்னை "நீங்க" என்றேன், நீயும் என்னை "நீங்க" என்றாய். மோனிஷா பிறந்த அன்று ராயபுரம் ஆஸ்பத்திரி வராண்டாவில், குழந்தையை யார் முதலில் வாங்குவது என்று நர்ஸ் கண்டிக்கிற அளவுக்குச் சண்டை போட்டோம். அன்றைக்குப் போன "நீங்க" திரும்பி வரவில்லை. பெண் வளர்ந்து பேச ஆரம்பித்ததும் என்னை டோல்கேட் ஆயா என்றாள், உன்னைக் குப்பத்து ஆயா என்றாள். இரண்டில் எதை முதலில் சொன்னாள் என்பதற்கும் நாம் சண்டை போட்டோம்.

உங்கள் குப்பத்தில் ஒரு முறை உண்டு. ஆடித் திருவிழாவில், ஊருக்குத் தலைக்கட்டு வரி கொடுக்கிற வீடுகளின் பிள்ளைகள் பேரை மைக்கில் படித்து அம்மனுக்கு அர்ச்சனை செய்வார்கள். கட்டிக் கொடுத்த பெண்ணின் பிள்ளைகள் அதில் வர மாட்டார்கள், அவர்கள் தகப்பன் ஊர்க்காரர்கள். நீ மட்டும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. மோனிஷா பேரையும் படிக்க வேண்டும் என்று பஞ்சாயத்தார் முன்னால் போய் நின்றாய். உன் மகன் கொடுக்கும் வரி போக, அவள் பேருக்குத் தனியாக வரி கட்டினாய். ஊர்த் தலைவர் உனக்குத் தம்பி வயசு, உன்னை அக்கா என்பார். உன் தொல்லை தாங்காமல் ஒத்துக்கொண்டார். அந்த வருஷம் மைக்கில் அவள் பேர் வந்தபோது நீ கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து, "கேட்டுக்கினியா சம்மந்தி, எங்க ஊர்ப் பொண்ணு" என்றாய். கூழ்ப் பானை பக்கத்தில் நின்றிருந்த என் தோளில் ஒரு இடி வேறு. கூழ் என் புடவையில் சிந்தியது.

பிறகு அவள் பாலிடெக்னிக்கில் கரண்ட் படிப்பு சேர்ந்தாள். கடைசி வருஷத்தில் ஒரு கம்பெனிக்குள் போய், அங்கே வேலை நடப்பதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, சர்ட்டிபிகேட் வாங்கி வர வேண்டும். அதை இன்பிளான்ட் ட்ரெயினிங் என்கிறார்கள். ஐந்தாவது வரை போன என் வாயில் அது நுழைய நாளானது. கூடப் படித்த பெண்களுக்குக் கார் கம்பெனியும் கண்ணாடிக் கம்பெனியும் கிடைத்தது. மோனிஷாவுக்கு விழுந்தது உங்கள் குப்பத்தை ஒட்டி இருந்த அனல்மின் நிலையம். நாம் எல்லோரும் தெர்மல் என்று சொல்லும் இடம்.

தெர்மல் என்றாலே நீ காறித் துப்புவாய். ஆற்று வாயில் சாம்பல் படிந்து மீன் குறைந்தது, சுடுதண்ணீர் விட்டு இறால் செத்தது என்று நீ சொல்லாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அங்கே உன் பேத்தி போகப்போகிறாள் என்று எப்படிச் சொல்வது. டோல்கேட்டிலிருந்து லாரி நெரிசலில் தினமும் போய் வரவும் முடியாது, உன் வீட்டில்தான் தங்க வேண்டும். நான் சுற்றி வளைத்துச் சொல்லி முடிப்பதற்குள் நீ மீன் செதில் சுரண்டும் கையை நிறுத்தாமலே சொன்னாய்.

"போவட்டும். இத்தினி வருசமா வெளில நின்னு பொகைய பாத்துகினு கீறோம். உள்ள இன்னா நடக்குதுன்னு நம்மள்ல ஒர்த்தி பாத்துட்டு வரட்டும்."

அந்த மாதம் முழுக்க உன் வீட்டில் நடந்ததை மோனிஷா சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதல் வாரம் ட்ரெயினிங் பிள்ளைகளை ஒரு ரூமில் உட்கார வைத்துவிட்டார்களாம், எதையும் தொடக்கூடாது என்று. "நாக்காலிய தேய்க்கறதுக்கா நீலச் சட்ட தெச்சி குட்த்தோம்" என்று நீ அவளிடம் எரிந்து விழுந்தாய், அவள் என்னவோ அந்தக் கம்பெனிக்கு முதலாளி மாதிரி. இரண்டாவது வாரம் ஒரு லேடி இன்ஜினியர் அவளைக் கூடவே அழைத்துப் போக ஆரம்பித்தார். அப்புறம் தினமும் சாயங்காலம் உன் வாசலில் உனக்குப் பாடம். நிலக்கரி எங்கே இறங்குகிறது, தண்ணீரை எங்கிருந்து இழுக்கிறார்கள், எங்கே கொண்டு விடுகிறார்கள் என்று நீ கேட்பாய். அவள் வாசல் மணலில் குச்சியால் கோடு போட்டுக் காட்டுவாள், இது பாய்லர், இது டர்பைன், இது சாம்பல் போகிற குழாய் என்று. மறுநாள் காலையில் வாசல் பெருக்கும்போது நீ அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுப் பெருக்குவாயாம்.

ட்ரெயினிங் முடிய இருந்த வாரத்தில் அந்தச் சாம்பல் குழாய் உடைந்தது. ஆறு பால் மாதிரி வெளுத்துப் போனது. வலையை இழுத்தால் மீன் இல்லை, சேறு. உங்கள் ஊர் கூடியது. குழாயை மாற்றும் வரைக்கும் நாளை முதல் தெர்மல் வாசலில் உட்காருவது, பெண்கள் முன்னால். ஊர்க்காரர் யாரும் கேட்டைத் தாண்டி உள்ளே வேலைக்குப் போகக் கூடாது. தாண்டினால் அந்த வீட்டை ஊர் தள்ளி வைக்கும். கோயில் மைக்கில் சொன்னார்கள்.

மறுநாள்தான் மோனிஷாவுக்குக் கடைசி நாள். பெரிய இன்ஜினியர் முன்னால் நின்று கேட்டதற்குப் பதில் சொல்லி, செய்து காட்டினால்தான் சர்ட்டிபிகேட். அது முடிந்ததும் அவளைக் கூட்டிவரலாம் என்று நான் அன்று உன் வீட்டுக்கு வந்திருந்தேன். அவள் வாத்தியாருக்குப் போன் போட்டுக் கேட்டாள். வேறு நாள் தர மாட்டார்கள், போகாவிட்டால் இந்த மாதம் போனது போனதுதான், படிப்பு அப்படியே நிற்கும் என்றார்.

நீ தலைவர் வீட்டுக்குப் போனாய். நானும் கூட வந்தேன். அவர் கெட்டவர் இல்லை, எனக்கும் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். "யக்கா, நம்ம பசங்க அம்பது பேரு உள்ள கான்ட்ராக்ட்டுல கீறாங்கோ. கூலிய வுட்டுட்டுதான் நாளிக்கு வாசல்ல குந்தப் போறானுங்க. உம் பேத்திக்கு மட்டும் வுட்டா அவனுங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது" என்றார். வெறும் விருந்தாளிப் பெண் என்றால் அவர் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. ஆனால் மோனிஷா பேர் திருவிழாவில் படித்த பேர். வரி கட்டிய பேர். அவள் ஊர்ப் பெண். அப்படி ஆக்கியவள் நீ.

அவள் தாண்டினால் என்ன ஆகும் என்று எனக்கு நீ சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஏலத்தில் உன் மகன் கொண்டுவரும் மீனை யாரும் கேட்க மாட்டார்கள். வீட்டில் ஒரு நல்லது கெட்டதுக்கு ஒருவரும் படியேற மாட்டார்கள். திரும்பி நடக்கும்போது நீ தலைவரைத் திட்டுவாய் என்று பார்த்தேன். "அந்தாளு சொல்றது ஞாயம்தான்" என்று மட்டும் சொன்னாய்.

வீட்டுக்கு வந்ததும் மோனிஷா, "நான் போவல ஆயா, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்று சொன்னாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நீ அவள் நீலச் சட்டையை வாங்கித் துவைத்துப் போட்டாய்.

காலையில் நீ எங்களுக்கு முன்பே கிளம்பிப் போய்விட்டாய். நாஷ்டாவை மூடி வைத்து, மடித்த சட்டையை அதன் பக்கத்தில் வைத்திருந்தாய். அவளைப் போட்டுக்கொள்ளச் சொல்லி நான்தான் சொன்னேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. இருவரும் நடந்து தெர்மல் வாசலுக்கு வந்தோம். கேட்டை அடைத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், முதல் வரிசையில் நடுவில் நீ. ஓரத்தில் போலீஸ் நின்றது. மோனிஷா நீலச் சட்டையும் கையில் ஹெல்மெட்டுமாக டீக்கடைப் பக்கம் நின்றாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள், அப்புறம் உன்னைப் பார்த்தார்கள். கோஷம் நின்று போனது.

தலைவர் உன் பக்கத்தில் வந்து, "இன்னாக்கா இது" என்றார். மெதுவாகத்தான் கேட்டார்.

நீ முழங்காலில் கை ஊன்றி எழுந்தாய். ஏலம் கூறுகிற குரல் உனக்கு. அந்தக் குரலில் சொன்னாய்.

"அது எங்க ஊர்ப் பொண்ணு இல்ல தலைவரே. டோல்கேட் பொண்ணு. தோ நிக்கிறாங்களே, அவுங்க வூட்டுப் பேத்தி."

பின்னாலிருந்து ஒரு பெண், அன்றைக்கு ஆடித் திருவிழாவில் வேறு மாதிரி பேசினாயே என்று கேட்டாள். சிலர் சிரித்தார்கள்.

"ஆமா, பேசினேன். பொண்ணு வயித்துப் புள்ள தகப்பன் ஊருக்குத்தான் சொந்தம். ஊரு வழக்கம் அதான். நான்தான் அடாவடி பண்ணி படிக்க வெச்சேன். அந்தப் பேர அடிச்சிடு தலைவரே. இனிமே படிக்காத."

தலைவர் உன்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அடித்தால் திரும்பச் சேர்க்க முடியாது, தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாய். அவர் திரும்பி என்னிடம் வந்து, எனக்கு முன்பின் அறிமுகமே இல்லாதவர் மாதிரி, "உங்க வூட்டுப் பொண்ணாம்மா" என்றார். நேற்று அவர் வீட்டில் தண்ணீர் குடித்தவள் நான். ஆமாம் என்றேன். எத்தனை வருஷமாக உன்னிடம் சண்டை போட்டு வாங்கப் பார்த்த வழக்கு அது. ஊரே சாட்சியாக என் பக்கம் தீர்ந்தது.

பெண்கள் நகர்ந்து ஒரு ஆள் போகிற அளவுக்கு வழி விட்டார்கள். மோனிஷா உன்னைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. நீ அவளைப் பார்க்கவில்லை. அவள் உள்ளே போய்க் கேட் மூடிக்கொண்டதும் நீ உட்கார்ந்து, முன்பு விட்ட இடத்திலிருந்து கோஷத்தை எடுத்துக் கொடுத்தாய். உள்ளே உன் பேத்தி பரீட்சை கொடுத்துக்கொண்டிருந்தாள், வெளியே நீ அந்தக் கம்பெனியை வாய்க்கு வந்தபடி வைதுகொண்டிருந்தாய். நான் டீக்கடை பெஞ்சில் இரண்டையும் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

மத்தியானத்துக்குப் பிறகு அவள் வெளியே வந்தாள். முகத்திலேயே தெரிந்தது. நேராக உன்னிடம் வந்து குனிந்தாள், கட்டிக்கொள்ளப் போனாள். நீ கையை நீட்டித் தடுத்து, பக்கத்தில் இருந்த பாட்டிலை எடுத்துக் கொடுத்தாய். "வெய்யில்ல வந்துகினு கீற, தண்ணி குட்ச்சிட்டுப் போம்மா" என்றாய், ரோட்டில் போகிற பெண்ணிடம் சொல்வது போல. ஊருக்குக் கொடுத்த வார்த்தையைச் சாயங்காலம் வரைக்கும்கூட நீ தளர்த்தவில்லை. அவள் குடித்துவிட்டு, மூடியைத் திருகி உன் கையிலேயே கொடுத்தாள். என்னிடம் வந்த பிறகுதான் அழுதாள்.

குழாயை மாற்றினார்கள். அதற்குள் நீங்கள் பல நாள் அங்கே உட்கார வேண்டியிருந்தது. அடுத்த ஆடியில் கூழுக்கு என்னை வழக்கம் போலக் கூப்பிட்டாய். மைக்கில் பேர்கள் வந்தன. உன் மகன் வீட்டுப் பிள்ளைகள் பேருக்குப் பிறகு நேராக அடுத்த வீட்டுக்குப் போனார்கள். நீ என் பக்கத்தில்தான் நின்றாய், கும்பிட்ட கையை இறக்கவில்லை. மறுபடி கேட்டுப் பார்க்கலாமே என்று நான் சொன்னதற்கு, "ஊரு முன்னால சொன்னத மாத்தி மாத்தி பேசுறதுக்கு நான் இன்னா ஓட்டு கேக்கவா போறேன்" என்றாய். என் கையிலிருந்த சொம்பை வாங்கிக் கூழ் ஊற்றினாய். இந்த முறை சிந்தவில்லை.

மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. மோனிஷா உனக்கு நெய்ப்பந்தம் பிடித்தாள். அதற்கு ஊர்க் கணக்கு கிடையாதே. பேத்தி என்றால் பேத்திதான். அவளுக்குக் காற்றாலை ஆர்டர் வந்தது அதற்குப் பிறகு. கம்பெனிக்காரர்கள் தெர்மல் சர்ட்டிபிகேட்டைப் பார்த்து, உள்ளே என்ன செய்தாய் என்று கேட்டார்களாம். சாம்பல் குழாயிலிருந்து ஆரம்பித்து எல்லாம் சொன்னேன், யாருக்கோ தினமும் பாடம் எடுத்த மாதிரி வாயில் வந்தது என்றாள்.

நீ போன பிறகு என்னிடம் ஒன்று மாறிவிட்டது. டோல்கேட்டில் யாராவது, பிரிட்ஜ் மேல் இருக்கும் கப்பைப் பார்த்துவிட்டு மோனிஷாவைப் பற்றியும் கேட்டால், எங்கள் பேத்தி என்று முன்பு மாதிரி வாய் வருவதில்லை. குப்பத்து ஆயா வளர்த்த பெண் என்கிறேன். அவர்களுக்கு நீ யார் என்று தெரியாது. சொல்கிறேன். சிலருக்கு இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் உன் மகன் வந்திருந்தான். இந்த ஆடிக்குக் கோயில் வாசலில் பெரிய பேனர் கட்டப் போகிறார்களாம், படித்து வேலைக்குப் போன ஊர்ப் பிள்ளைகள் படம் எல்லாம் போட்டு. மோனிஷா படம் போடலாமா என்று அவன் கேட்கவில்லை, அவனுக்கும் உன் ரோஷம். தலைவரே கூப்பிட்டுச் சொன்னாராம். "உங்கம்மா பேர அடிக்கச் சொன்னா, அடிச்சோம். அது அடிச்சது அடிச்சதுதான், மைக்குல படிக்க மாட்டோம். போட்டோவ பத்தி அவ ஒண்ணும் சொல்லலியே. போட்டோ எடுத்துக்கினு வா. பேரு எழுத வாணாம்."

நீ இருந்திருந்தால் அந்த ஆளிடம் என்ன பதில் சொல்லியிருப்பாய் என்று தெரியவில்லை. நான் சரி என்றேன்.

வீட்டில் தேடினேன். ஸ்கூல் ரிப்பனோடு ஒன்று இருக்கிறது, பாலிடெக்னிக் கார்டில் ஒட்டியது ஒன்று, அதில் கண் பாதி மூடியிருக்கிறது. அதனால் மோனிஷாவுக்கு நேற்று போன் போட்டுச் சொல்லிவிட்டேன். ஹெல்மெட்டும் பெல்ட்டும் போட்டுக்கொண்டு, பின்னால் அந்தக் காற்றாடி தெரிகிற மாதிரி, முகம் வெயிலைப் பார்த்து நல்லதாக ஒரு புதுப் போட்டோ எடு. வாட்ஸ்அப்பில் அனுப்பாதே, பெரிசு பண்ணும்போது மங்கிவிடுகிறதாம். கடையில் பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்பு. டோல்கேட்டுக்கு வேண்டாம். குப்பத்து ஆயா வீட்டு விலாசத்துக்குப் போடு.